27 வயதில் கிழவியா? ‘பெர்சுவேஷன்’ வாசித்தவர்கள் வாங்க

பெப்ரவரி 9 | பண்டாரவளை வாசகியின் கேள்வி

ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ என்ற ஆங்கில நாவலை நேற்று முடித்தேன். வயதான கதாநாயகி வரும் காதல் கதை என்று சொல்லித்தான் ஒரு அக்கா தந்தார். திறந்து பார்த்தால் ஆன் எலியட்டுக்கு 27 வயது! எனக்கே 29 ஆகிறது, நான் எந்தக் கணக்கில் வருவேன்? அது கிடக்கட்டும். நிஜமாகவே 50 வயதுப் பெண்ணை நாயகியாக வைத்து யாராவது காதல் கதை எழுதினால் நம் மலையகத்தில் வாசிக்க ஆள் இருக்குமா? இருக்காது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

பெப்ரவரி 9, இரவு | ஒரு ஆசிரியரின் பதில் (இனி வருபவையும் அவருடையவை)

இருக்கும் தங்கச்சி. ஆனால் பாய்க்கு அடியில் ஒளித்து வைத்து வாசிப்பார்கள்.

நான் வளர்ந்தது தலவாக்கலைப் பக்கம். எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, ஒரு மாத நாவல் வந்தால், அட்டை போய், கடைசிப் பக்கமும் போய், முடிவை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லும் நிலைக்கு வரும்வரை வீடு வீடாகச் சுற்றும். வாசித்ததெல்லாம் நாற்பதைத் தாண்டிய பெண்கள். கதாநாயகிக்கோ எப்போதும் 21. நாற்பது வயதுக்காரி அந்தக் கதைகளில் வந்தால் ஒன்று கண்ணைக் கசக்கும் அம்மா, இல்லாவிட்டால் குடும்பத்தைக் கெடுக்கும் அத்தை. அதையும்தான் விடாமல் வாசித்துத் தீர்த்தார்கள்.

சரி, 27க்கு வருவோம். ஆன் 19 வயதில் வென்ட்வொர்த் என்ற கடற்படைக்காரனைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, செத்துப்போன அம்மாவின் சிநேகிதி லேடி ரஸல் சொன்னதைக் கேட்டு முறித்துக்கொள்கிறாள். எட்டு வருடம் கழித்து அவன் காசோடு திரும்பி வருகிறான். அதற்குள் இவள் முகம் வாடிவிட்டதாம். அடையாளமே தெரியாத அளவுக்கு மாறிவிட்டாள் என்று அவனும் சொல்லிவிடுகிறான். இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? அவளுடைய அக்கா எலிசபெத்துக்கு 29 வயது. அவளுக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் அப்பா சர் வால்டர் கண்ணுக்கு அவள் மட்டும் அன்றுபோலவே அழகாக இருக்கிறாள். 29 வாடவில்லை, 27 வாடிவிட்டது. எந்த ஊர்க் கணக்கு இது?

மிச்சம் பிறகு. கரண்ட் போகப் பார்க்கிறது.

பெப்ரவரி 10

ஆனுக்கு 37 என்று எழுதிய தம்பிக்கு: 27தான். முதல் அத்தியாயத்திலேயே பிறந்த தேதி இருக்கிறது, 1787 ஆகஸ்ட் 9. கதை தொடங்குவது 1814 கோடையில். கணக்குப்பிள்ளை கையில் கொடுத்தாலும் இதே விடைதான் வரும்.

பெப்ரவரி 12

அன்று கரண்டோடு நின்ற பேச்சைத் தொடர்கிறேன்.

ஆனின் தங்கை மேரிக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு நாள் மேரியின் மூத்த பையன் விழுந்து காறை எலும்பு விலகிவிடுகிறது. மறுநாள் மாமனார் வீட்டில் விருந்து, வென்ட்வொர்த்தும் வருகிறான். பெற்றவளுக்கு விருந்துக்குப் போக ஆசை. பிள்ளையை யார் பார்ப்பது? ஆன்தான். அதற்கு மேரி சொல்லும் நியாயத்தைக் கேளுங்கள்: உனக்குத் தாய் மனசு கிடையாது, அதனால் பிள்ளை பக்கத்தில் இருக்க நீதான் பொருத்தமான ஆள்! முதல் தடவை வாசித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சிரித்தேன். இரண்டாவது தடவை சிரிப்பு வரவில்லை.

இன்னொரு இடம். இளசுகள் எல்லாம் நடனமாடுகிறார்கள், ஆன் பியானோ வாசிக்கிறாள். அவள் ஆடவே மாட்டாளா என்று வென்ட்வொர்த் யாரிடமோ கேட்கிறான். ஆடுவதை அவள் விட்டுவிட்டாள், வாசிப்பதுதான் அவளுக்குப் பிடிக்கும் என்று பதில் வருகிறது. பிடிக்குமா என்று அவளைக் கேட்டவர் யாரும் இல்லை. அவள் வாசிப்பதை நிறுத்தினால் மற்றவர்கள் ஆட முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

நம் லயங்களில் காம்பராவுக்குக் காம்பரா (வீட்டுக்கு வீடு) இப்படி ஒரு மூத்த பெண் இருப்பாள். ஓ/எல் சோதனை எழுதிய கையோடு, சில நேரம் எழுதாமலே, தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து எடுக்க மலைக்குப் போனவள். “தம்பி கம்பஸ் முடிக்கட்டும்.” “தங்கச்சி கரையேறட்டும்.” “அம்மாவுக்கு இப்ப ஏலாது, இன்னும் ஒரு வருஷம் போகட்டும்.” ஒவ்வொன்றும் நியாயமான பேச்சு, யாரையும் குறை சொல்ல முடியாது. பெண் கேட்டு வருகிறவர்களுக்கு வாசலிலேயே தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அப்புறம் 38 ஆனதும் எல்லாரும் சேர்ந்து சொல்வது: “இனி என்ன, வயசாகிருச்சே.”

ஆகவே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். வயது என்பது கடைசியில் வரும் சாக்கு. அவள் தனியாக இருப்பதால் யார் யாருக்கு வேலை நடக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அந்த விதத்தில் பார்த்தால் ஆனுக்கு 27 ஆனாலும் 57 ஆனாலும் கதை இதேதான்.

பெப்ரவரி 13

இந்த இழையில் எழுதும் பதுளை சேர் லேடி ரஸலை வில்லி என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வென்ட்வொர்த்திடம் அப்போது சல்லிக்காசு இல்லை. யுத்த காலம் வேறு, கப்பலில் போனவன் திரும்பி வருவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 19 வயதுப் பெண்ணுக்குத் தாய் ஸ்தானத்தில் இருப்பவள் வேறு என்ன சொல்வாள்? உயர்தர வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு நானே இந்தப் புத்திமதியைத்தான் சொல்கிறேன். “அவன் எங்கேயும் போய்விட மாட்டான், நீ சோதனையை எழுதி முடி.” சிலபேரின் அவன் போயும் விடுகிறான்.

கடைசியில் ஆன் சொல்வதுதான் நுட்பம்: லேடி ரஸல் சொன்ன புத்தி பிழையாக இருக்கலாம், ஆனால் அவர் பேச்சைக் கேட்டு நடந்தது சரி என்கிறாள். சேர் இதைக் கோழைத்தனம் என்பார். எனக்கு இதில் இன்னும் ஒரு முடிவு இல்லை.

பெப்ரவரி 15

லேடி ரஸலைப் பற்றி இரண்டு நாளாக யோசித்ததில் ஒன்று பட்டது. பண்டாரவளைத் தங்கச்சி கேட்ட வயதான பெண் இந்தப் புத்தகத்திலேயே இருக்கிறாள். லேடி ரஸல் விதவை, வசதிக்காரி, புத்தகம் வாசிக்கிறவள். பக்கத்து வீட்டிலேயே சர் வால்டர், அவரும் மனைவியை இழந்தவர். ஊரார் இவர்களுக்குள் கல்யாணம் நடக்கும் என்று எதிர்பார்த்தார்களாம், நடக்கவில்லை. அந்த இடத்தில் ஆஸ்டின் ஒரு போடு போடுகிறார்: விதவை மறுபடி கட்டாமல் இருப்பதற்கு ஊருக்கு விளக்கம் எதுவும் தேவையில்லை, கட்டினால்தான் ஊர் முகம் சுளிக்கும், ஆனால் சர் வால்டர் தனியாக இருப்பதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும்! சொல்லவும் சொல்கிறார், ஒன்றிரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்து ஏமாந்ததையும் சேர்த்து. 200 வருடத்துக்கு முந்திய இங்கிலாந்து இது. எங்கள் தோட்டத்தில் மனைவி செத்த ஆணுக்கு வருடம் திரும்பும் முன் “பிள்ளைகளைப் பார்க்க ஒரு ஆள் வேணும்” என்று பெண் தேடுவார்கள். புருஷன் செத்த பெண்ணுக்கு அந்த ஆள் தேவைப்படுவதாக ஒருவருக்கும் தோன்றாது.

என் சின்னம்மா கதையைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். முப்பத்துச் சொச்சத்தில் தாலி அறுத்தவர். இரண்டு பையன்கள். கொழுந்து எடுத்தே வளர்த்தார். விரல் நுனியில் ஏறிய கறை கல்யாண வீட்டுக்குப் போகும்போதும் போகாது, தேசிக்காய் போட்டுத் தேய்த்துவிட்டு முந்தானைக்குள் கையை வைத்துக்கொள்வார். 50 வயது ஆனதும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பணம் எடுக்கப் போனார். அங்கேதான் வில்லங்கம். செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர், எல்லாம் அவர்தான். ஒரு அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு கடதாசி கேட்டார்கள். பையன்களுக்கு லீவு இல்லை, எனக்குப் பள்ளிக்கூடம்.

கூட அலைந்தவர் தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர். அவருக்கும் மனைவி இல்லை. அந்தப் பணத்தைக் கேட்கும் கே படிவத்தை நிரப்பினார், சத்தியக் கடதாசிக்கு ஆள் பிடித்தார், பஸ்ஸில் சீட் போட்டு வைத்தார். பஸ்ஸில் சீட் போட்டதுதான் வினையாகிவிட்டது. ஒரே சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து போனால் தோட்டத்துக்குப் போதும். பெரியவன் அம்மாவிடம் “ஊர் சிரிக்கும்மா” என்று சொன்னான். பணம் வந்ததும் த்ரீவீலுக்கு முன்பணம் கட்டலாம் என்று அவன் ஏற்கனவே விசாரித்து வைத்திருந்தான். இந்த இரண்டையும் முடிச்சுப் போடுவது என் வேலை இல்லை. ஆனால் போட்டுத்தான் இருக்கிறேன்.

பெப்ரவரி 16

“ஈ.பி.எஃப். 55க்குத்தானே?” என்று கேட்டிருக்கிறார்கள். ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50. 1958ஆம் ஆண்டுச் சட்டம். சம்பளத்தில் தொழிலாளி 8 வீதம், தோட்டம் 12 வீதம் கட்ட வேண்டும். இன்னொரு சங்கதி: கல்யாணத்துக்காக வேலையை விட்டுப்போகும் பெண்ணும் அந்தப் பணத்தை எடுக்கலாம். ஆணுக்கு அப்படிக் கிடையாது. ஆக, கையில் மொத்தமாகக் காசு வருகிற இரண்டு தருணங்கள் அவளுக்கு உண்டு, ஒன்று கல்யாணம், மற்றது ஐம்பது. முதலாவதைத்தான் நாவலாசிரியர்கள் எழுதித் தள்ளுகிறார்கள். ஐம்பதாம் வயதில் காசு வரும்போது யார் யார் பாசமாகப் பேசத் தொடங்குகிறார்கள் என்பதை எழுதினால் அது திகில் நாவலாகிவிடும்.

பெப்ரவரி 20

திருமதி கிராஃப்டை ஏன் எல்லாரும் விட்டுவிட்டீர்கள்?

வென்ட்வொர்த்தின் அக்கா, அட்மிரல் கிராஃப்டின் மனைவி. வயது 38. கடலிலேயே கிடந்ததால் வெயிலும் காற்றும் பட்டு முகம் சிவந்து முரடாகிவிட்டது, வயதைவிட மூப்பாகத் தெரியும். பிள்ளைகள் இல்லை. அட்லாண்டிக்கை நான்கு தடவை கடந்தவள், கிழக்கிந்தியத் தீவுகள் பக்கம் ஒரு தடவை போய் வந்தவள். வாழ்க்கையில் கஷ்டப்பட்டது, நோய்வாய்ப்பட்டது எல்லாம் புருஷன் வடகடலில் இருந்தபோது தனியாகக் கரையில் கழித்த ஒரு குளிர்காலத்தில்தானாம். கப்பலில் ஒரு குறையும் இல்லை என்கிறாள்.

எனக்குப் பிடித்த காட்சி இவர்களுடையது. அட்மிரல் சின்ன வண்டி ஓட்டுகிறார், ஓட்டத் தெரியாது. வழியில் ஒரு கம்பம், மோதப் போகிறது. இவள் கம்பத்தைக் காட்டிச் சொல்லிக்கொண்டே, பதறாமல் கடிவாளத்தைக் கொஞ்சம் திருப்பிவிடுகிறாள், வண்டி தப்பிக்கிறது. பக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து ஆன் இதைப் பார்க்கிறாள். இவர்கள் குடும்பம் நடத்துவதும் இப்படித்தான் போலிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றுகிறது. அக்கரைப்பத்தனை ரோட்டு வளைவுகளில் புருஷனின் த்ரீவீல் பின்சீட்டில் இருந்துகொண்டு “பள்ளம், பள்ளம்” என்று சொல்லிக்கொண்டே வரும் பெண்களை எனக்குத் தெரியும். கடிவாளம் எட்டாது என்பதுதான் வித்தியாசம்.

சர் வால்டரின் மாளிகையை வாடகைக்கு எடுத்ததும் அட்மிரல் செய்த முதல் வேலைகளில் ஒன்று, உடுத்தும் அறையில் இருந்த பெரிய கண்ணாடிகளை அப்புறப்படுத்தியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் முகமே தெரிந்ததாம்.

பெப்ரவரி 21

கடற்படை என்றதும் ஒரு கிளைக்கதை. ஜேன் ஆஸ்டினின் சகோதரர்களில் இரண்டு பேர் கடற்படையில் இருந்தார்கள். தம்பி சார்லஸ் ஆஸ்டின் 1852இல் பர்மா யுத்தத்தின்போது இறந்தார், அடக்கம் செய்தது நம் திருகோணமலையில். கல்லறை இன்றும் இருக்கிறது. கோணேசர் கோவிலுக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். நான் போனபோது பிள்ளைகள் கடலுக்குப் போக வேண்டும் என்று அழுததில் ஐந்து நிமிடம்தான் நிற்க முடிந்தது.

மார்ச் 1

மஸ்கெலியாவிலிருந்து ஒருவர் கேட்கிறார்: “இதைத் தோட்டத்துக் கதையாக மாற்றினால் வென்ட்வொர்த் யார்? எங்கள் ஆட்கள் எந்தக் கப்பலில் போய்க் காசோடு வந்தார்கள்?”

நல்ல கேள்வி. இரண்டு நாள் ஹட்டன் பஸ்ஸில் இதே யோசனைதான். நம் ஊரில் வென்ட்வொர்த் ஒரு பெண். கடல் கடந்து போய் எட்டு வருடம், பத்து வருடம் உழைத்துவிட்டு வருகிறவர்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போன பெண்கள்தான். போகும்போது 33, வரும்போது 44. ஆன் மாதிரி வீட்டோடு கிடந்து எல்லாருக்கும் பியானோ வாசித்த ஆண் இங்கே யாராவது உண்டா என்று தேடினேன். அப்படி ஒரு அண்ணனைத் தெரியும், சொன்னால் கோபித்துக்கொள்வார்.

ஆனால் ஒரு இடத்தில் கதை இடிக்கிறது. வென்ட்வொர்த் எதிரிக் கப்பல்களைப் பிடித்துச் சேர்த்தது 25,000 பவுண், அது அவன் கையிலேயே இருந்தது. அவன் வந்து இறங்கும்போது ஊர்ப் பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள். குவைத்துக்காரியின் காசு மாதா மாதம் அவளுக்கு முன்னாலேயே ஊருக்கு வந்து, கூரைத் தகரமாகவும் தங்கச்சி நகையாகவும் யாரோ ஒருவரின் கடனாகவும் ஆகிவிடுகிறது. விமான நிலையத்தில் இறங்கும்போது அவளிடம் இருப்பது ஒரு சூட்கேஸும் முதுகு வலியும். திரும்பிப் பார்க்க ஆள் இல்லை, சூட்கேஸைப் பார்க்கத்தான் ஆள் வரும். இப்படி ஒருத்தியை நாயகியாக வைத்து எழுதினால் அவளை முதலில் மதிக்கிற ஆணே காதலனாகிவிடுவான், அவனுக்கு வேறு தகுதியே வேண்டாம். ஆசிரியருக்கு வேலை மிச்சம்.

மார்ச் 4

புத்தகம் எங்கே வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, இணையத்தில் சும்மா கிடைக்கிறது. நானும் போனில்தான் வாசித்தேன். ஆங்கிலம் முதல் இரண்டு அத்தியாயம் கல்லும் முள்ளுமாக இருக்கும். சர் வால்டரின் கடன் கதை அது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 8

மாசிக் கூத்துப் பார்த்து விடிய விடிய விழித்த கண்ணோடு எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

காமன் கூத்தில் ரதி புலம்பும் இடத்தில் ஒரு ஆயா எழுந்து நின்று விட்டார். ரதியாக ஆடியவன் என்னிடமே படித்த பையன், மீசையை நேற்றுத்தான் எடுத்திருப்பான். அவன் கழுத்து நரம்பு புடைக்க அழுததில் அந்த ஆயாவுக்கு அவன் பையன் என்பதே மறந்துவிட்டது. மாசி அமாவாசைக்குப் பிறகு கம்பம் நட்டு, கல்யாணம் கட்டிவைத்து, சிவன் கண்ணில் மன்மதனை எரித்து, ரதி கெஞ்சியபின் எழுப்பித் தருவார்கள். எழுந்து வந்தாலும் ரதி கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். புருஷனைத் திருப்பிக் கொடு என்று ஒரு பெண் சாமியிடமே நியாயம் கேட்கும் கதையை வருடா வருடம் இரவு முழுக்க நின்று பார்க்கிற சனம் இது. வயதான பெண்ணின் காதலை இவர்கள் வாசிக்க மாட்டார்கள் என்றால் நான் நம்ப மாட்டேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்து லாவணியில் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி இரவெல்லாம் பாட்டிலேயே வாதாடுமாம். நம் லேடி ரஸல் விவாதமும் அந்த நிலைக்கு வந்துவிட்டது. பதுளை சேர் எரிந்த கட்சி.

மார்ச் 10

“சின்னம்மா கதை பாதியில் நிற்கிறதே” என்று ஆளாளுக்குக் கேட்டதால் நேற்று போன் போட்டு அவரிடமே கேட்டேன். அந்த ஸ்டோர்க்காரரை ஏன் கட்டவில்லை? பையன்கள் தடுத்தார்களா?

முதலில் சிரித்தார். அப்புறம் சொன்னது: “அவனுங்க யாரு என்னைத் தடுக்க? அந்த மனுசனுக்குச் சீனி வருத்தம். நான் சீனி போடாத தேத்தண்ணி குடிக்க மாட்டேன். ஒரு வீட்ல ரெண்டு கேத்தலா?” சரி சின்னம்மா, நிஜக் காரணம்? “இருவது வருஷம் நாலு மணிக்கு எந்திரிச்சு ரொட்டி தட்டினேன். இப்பத்தான் ஆறு மணிக்கு எந்திரிக்கிறேன். அதை எந்த ஆம்பளைக்காகவும் விடுறதா இல்லை.”

எனவே பெப்ரவரி 12ஆம் தேதி நான் போட்ட கணக்கில் இன்னொரு வரியும் சேர வேண்டும். தனியாக இருப்பதில் மற்றவர்களுக்கு மட்டும் லாபம் இல்லை, சில நேரம் அவளுக்கும் உண்டு. லேடி ரஸலும் ஒருவேளை காலையில் நிம்மதியாகப் புத்தகம் வாசிப்பதற்காகத்தான் சர் வால்டரை விட்டுவைத்தாரோ என்னவோ. கண்ணாடி பார்த்து முடிக்காத மனிதருக்கு யார் தேத்தண்ணி ஊற்றுவது?

ஆனால் ஒன்று. ஈ.பி.எஃப். பணத்தை அவர் த்ரீவீலுக்குக் கொடுக்கவில்லை, தன் பெயரில் நிலையான வைப்பில் போட்டார். அந்தப் படிவத்தை நிரப்பியதும் ஸ்டோர்க்காரர்தான். பெரியவன் லீசிங்கில் த்ரீவீல் எடுத்து ஓட்டுகிறான், அம்மாவோடு பேசத்தான் செய்கிறான். இன்றைக்கும் தேர்த் திருவிழாவுக்குச் சின்னம்மாவும் ஸ்டோர்க்காரரும் சேர்ந்தே போகிறார்கள். அவர் கடலை வாங்குவார், இவர் தோலை உரித்துக்கொண்டே அவரைத் திட்டுவார். இதைக் காதல் கதையில் சேர்க்கலாமா கூடாதா என்று இந்த இழையில் ஒரு வாக்கெடுப்பு வைத்தால் என் வாக்கு சேர்க்கலாம் என்பதற்கு.

மார்ச் 12

பதுளை சேர் கடைசி அத்தியாயங்கள் அவசர அவசரமாக முடிந்ததாகச் சொல்கிறார். நடந்தது வேறு. 1816 ஜூலையில் ஆஸ்டின் ஒரு முடிவை எழுதிவிட்டார். அதில் வென்ட்வொர்த் அட்மிரலுக்காகத் தூது வந்து, நீ வேறொருவரைக் கட்டப் போகிறாயா என்று ஆனைக் கேட்கிறான், இல்லை என்கிறாள், சுபம். அது பிடிக்காமல் திருப்பி எழுதினார். அடித்துவிட்ட அந்தக் கையெழுத்துப் பக்கங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. புது முடிவில் ஆன் இன்னொருவரோடு வாதாடுகிறாள், நம்பிக்கை போன பிறகும் நீண்ட நாள் நேசிப்பது பெண்கள்தான் என்று. புத்தகங்களைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள், எழுதியதெல்லாம் ஆண்கள் என்கிறாள். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் வென்ட்வொர்த் காதில் அது விழுகிறது, அங்கேயே கடிதம் எழுதுகிறான். முதல் முடிவில் அவளைக் கேட்டார்கள், பதில் சொன்னாள். இரண்டாவதில் அவளே பேசுகிறாள், அவன் கேட்கிறான். அப்போது ஆஸ்டினுக்கு 40 வயது. அடுத்த ஜூலையில் இறந்துபோனார், புத்தகம் அச்சாகி வந்ததை அவர் பார்க்கவில்லை.

23ஆம் அத்தியாயத்தை மட்டுமாவது இன்னொரு தடவை வாசியுங்கள் சேர்.

மார்ச் 12, இரவு

மஸ்கெலியாத் தம்பி தனிச் செய்தியில் சின்னம்மாவின் போன் நம்பர் கேட்கிறார், அவருடைய மாமா ஒருவர் மனைவியை இழந்து தனியாக இருக்கிறாராம். நம்பர் தர முடியாது. ஆனால் மாமாவுக்குச் சீனி வருத்தம் உண்டா, காலையில் எத்தனை மணிக்கு எழும்புவார், ரொட்டி தட்டத் தெரியுமா என்று கேட்டு எழுதுங்கள். பதிலைச் சின்னம்மாவிடம் சேர்த்துவிடுகிறேன்.